பாணபத்திரருக்காகப் பாடியவர் யார்?

மகாசிவராத்திரி இரவு. பள்ளிக்கரணை ஆதிபுரீஸ்வரர் திருக்கோயிலில் முதற்கால பூஜை நிறைவுற்றதும், முழங்கால் ஒத்துழைக்காத முதியோர் சிலர் திருநீற்றுப் பிரசாதத்துடன் மெல்ல வீடு திரும்புவர். நான்கு காலமும் கோயிலில் அமர்ந்திருக்க உடல் இடந்தராவிடினும் கண்விழிப்பை விட்டுவிட மனம் ஒப்பாது. தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்றிரவு விளக்குகள் அணைவதில்லை. தொலைக்காட்சியில் ஏதேனும் ஓர் அலைவரிசையில் 'திருவிளையாடல்' ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் முதியோர் மறுபடியும் அதன்முன் அமர்வர்.

உடன் விழித்திருக்கும் பேரக் குழந்தை ஒரு கட்டத்தில் கேட்கும்: "தாத்தா, இவரேதான் பாடுறாரா?"

எளிய கேள்விதான். ஆனால் அந்தப் படத்தைப் பொறுத்தவரை இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. ஒளவையாராக வரும் அம்மையார் தாமே பாடுகிறார். பாணபத்திரராக வருபவரும் தாமே பாடுகிறார். ஏமநாத பாகவதராக வருபவர் பாடவில்லை. விறகு வெட்டியாக வரும் சிவபெருமானும் பாடவில்லை. ஒரே படத்தில் சொந்தக் குரலும் இரவல் குரலும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. பார்ப்போர் நால்வரிடத்தும் ஒரே அளவு மனமுருகுகின்றனர். அப்படியாயின் பக்தி எந்தக் குரலைப் பற்றி நிற்கிறது? தோன்றுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்பது பக்திக்குக் குறையாகுமா? தமிழ்த் திரையின் பக்திப் படங்களை இளமை தொட்டுப் பார்த்துவந்த தலைமுறை அமைதியாக எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

பாடத் தெரிந்தவரே நடிகர்

தமிழில் பேசும்படம் பிறந்த நாளில் இக்கேள்விக்கே இடமில்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தாமே பாடினார். அதன்பின் வந்த ஆண்டுகளில் திரைக்கு வந்தோரெல்லாம் நாடக மேடையிலிருந்தும் கச்சேரி மேடையிலிருந்தும் வந்தவர்கள். பாடத் தெரியாதவர் கதாநாயகராக இயலாது என்பது எழுதப்படாத விதி.

காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பமே. அந்நாளில் படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் ஒரே சமயத்தில் நடந்தன. காமிராவின் பார்வைக்கு எட்டாத உயரத்தில் ஒலிவாங்கி தொங்கும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் மரத்தின் மறைவிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ அமர்ந்து வாசிப்பர். நடிகர் நடந்தபடி பாட வேண்டுமெனில் பக்கவாத்தியத்தாரும் மறைவாகவே உடன் நடக்க வேண்டும். எங்கேனும் ஒரு காகம் கரைந்தால் பாடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இத்தனை இடர்ப்பாட்டிலும் சுருதி பிசகாது பாடவல்லவர்க்கே திரையில் இடம் கிடைத்தது.

ஆகவே நாயன்மாரையும் அடியாரையும் திரையில் காட்ட முனைந்தோர் சங்கீத வித்வான்களையே நாடிச் சென்றனர். 1935-இல் 'நந்தனார்' எடுத்தபோது நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் கேட்டறியாத தொகை. அப்படத்தில் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1936-இல் 'பக்த குசேலா'வில் பாபநாசம் சிவன் குசேலரானார். 1938-இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் துக்காராமானார். எம்.எம். தண்டபாணி தேசிகர் 1936-இல் பட்டினத்தாராகவும், 1942-இல் ஜெமினியின் படத்தில் நந்தனாராகவும் தோன்றினார். எம்.கே. தியாகராஜ பாகவதர் திருநீலகண்டராகவும் சிவகவியாகவும் ஹரிதாஸாகவும் வந்து பாடினார். 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1945-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவானார்.

இவர்களில் பலர்க்கு நடிப்புப் பயிற்சி குறைவு. முசிறியாரின் துக்காராமிடம் முகபாவம் தேடிச் சென்றவர் எவருமிலர். ஆயினும் பாடும் நேரத்தில் பாத்திரமும் பாடகரும் இரண்டறக் கலந்தனர். கச்சேரி மேடையில் எந்தப் பக்தியோடு பாடினரோ அதையே காமிராவின் முன்னும் வைத்தனர். மக்களும் துக்காராமையும் மீராவையும் அந்தக் குரல்களின் வழியாகவே கண்டனர்.

குரல் கடன் வந்த கதை

இத்தலைமுறையின் கண்முன்னே அந்த விதி மாறியது. அம்மாற்றத்தின் மூன்று கட்டங்களிலும் ஒரே மனிதர் உடனிருந்தார் என்பது வியப்புக்குரியது. அவர் டி.ஆர். மகாலிங்கம். மதுரை மாவட்டம் சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாணியில் எட்டுக்கட்டை சுருதியில் பாடக் கற்றவர்.

முதற்கட்டம் 1938. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் சிறுவன் மகாலிங்கம் பாலகிருஷ்ணனாக அறிமுகமானார், தாமே பாடினார். அதே படத்தில், பாட இயலாத ஒரு நடிகைக்காக லலிதா வெங்கடராமன் என்பவர் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிக் குரல் ஒலித்த முதற்படம் அதுவே என்பர். வங்கத்தில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1935-இலேயே இம்முறையைத் தொடங்கியிருந்தது. தமிழுக்கு அது ஒரு கிருஷ்ணன் கதை வழியாக வந்து சேர்ந்தது.

இரண்டாம் கட்டம் 1945. மெய்யப்ப செட்டியாரின் 'ஸ்ரீ வள்ளி'யில் மகாலிங்கம் முருகனானார். வள்ளியாகக் குமாரி ருக்மணி நடித்தார். அவரும் அந்நாளைய வழக்கப்படி தாமே பாடியிருந்தார். ஆனால் முருகனின் கணீரென்ற குரலுக்கு வள்ளியின் குரல் இணையாக அமையவில்லை எனத் தயாரிப்பாளர் கருதினார். அதற்குள் படம் எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்ததை அழிக்காமல் குரலை மட்டும் மாற்ற ஒரு வழி கண்டார். கர்நாடக இசையில் தேர்ந்த பி.ஏ. பெரியநாயகி, திரையில் ஓடும் ருக்மணியின் வாயசைவைப் பார்த்தவாறே அதே பாடல்களை மறுபடியும் பாடினார். பழைய குரல் நீக்கப்பட்டுப் புதிய குரல் பொருத்தப்பட்டது. படம் மாபெரும் வெற்றி பெற்றது.

இங்கே சற்று நின்று ருக்மணியை நினைத்துப் பார்க்க வேண்டும். பாட இயலாத ஒருவர்க்குக் குரல் கொடுப்பது ஓர் உதவி. பாடிமுடித்த ஒருவரின் குரலை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது அத்தகையதன்று. ருக்மணியின் முகம் அப்படியே இருந்தது. அவர் அபிநயம் இருந்தது. அவர் பாடியது மட்டும் இல்லாமற்போயிற்று. மறுபுறம் பெரியநாயகியின் நிலையும் எண்ணத்தக்கதே. மக்கள் கேட்டு மகிழ்ந்தது அவரது ஞானத்தை. கண்டு மகிழ்ந்ததோ வேறொருவர் முகத்தை. படம் வென்றது. எனினும் அந்த வெற்றிக்குள் இரு பெண்களின் சிறு இழப்பும் கலந்திருந்தது.

பாடகரே மறைந்த காலம்

அடுத்த பத்தாண்டுகளில் பின்னணிப் பாடல் பொதுவிதியாயிற்று. பாடலை முன்னரே பதிவு செய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடிகர் வாயசைக்கும் முறை நிலைபெற்றது. ஒலிவாங்கியின் கட்டிலிருந்து நடிகர் விடுபட்டார். மலையேறலாம், ஆடலாம், அழலாம். சுருதி விலகுமோ என்ற அச்சமில்லை. நடிக்கத் தெரிந்தவர் நடித்தார், பாடத் தெரிந்தவர் பாடினார். கலைக்கு இது ஒரு லாபமே.

ஆனால் இரண்டையும் ஒருசேரச் செய்துவந்தோர்க்கு அது கடினமான காலமாயிற்று. நீண்ட பாடல்களின் எண்ணிக்கை குறைந்தது, வசனம் ஓங்கியது. பி.யு. சின்னப்பா 1951-இல் மறைந்தார். சிறைவாசத்துக்குப்பின் திரும்பிய பாகவதரின் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959-இல் அவரும் மறைந்தார். மகாலிங்கம் சொந்தப்படம் எடுத்துக் கடன்பட்டு நொடித்தார். 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யே அவரை மீண்டும் நிலைநிறுத்தியது.

குரலையும் முகத்தையும் வெவ்வேறாகப் பிரித்த அக்காலம் வேறொரு புதுமையையும் காட்டிற்று. மறைந்திருந்து பாடியோரை மக்கள் நேரில் காண விரும்பினர். பாகவதரைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய டி.எம். சௌந்தரராஜன் 1962-இல் பட்டினத்தாராகவும், 1964-இல் அருணகிரிநாதராகவும் திரையில் தோன்றினார். சீர்காழி கோவிந்தராஜன் 1967-இல் 'கந்தன் கருணை'யில் நக்கீரராகவும், 1972-இல் அகத்தியராகவும் வந்தார். எம். பாலமுரளிகிருஷ்ணா 1967-இல் 'பக்த பிரகலாதா'வில் நாரதரானார். அடியார் வேடம் என்றால் பாடுபவரே வந்து நின்றால் நலம் என்ற எண்ணம் பக்திப் படங்களில் மட்டும் நெடுநாள் நீடித்தது. காதல் காட்சியில் எவர் குரலாயினும் ஒப்புக்கொண்ட மக்கள், பட்டினத்தார் பாடும்போது மட்டும் அவரே பாடவேண்டுமென விரும்பியது ஏன்? துறவியின் சொல்லும் செயலும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்ற நம்பிக்கையின் நிழலே அதுவாகலாம்.

நால்வர், நான்கு குரல்கள்

மகாலிங்கத்தின் வாழ்வில் மூன்றாம் கட்டம் 1965. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்', இசை கே.வி. மகாதேவன்.

ஒளவையாராகக் கே.பி. சுந்தராம்பாள் வந்தார். 1953-இல் ஜெமினியின் 'ஒளவையார்' படத்தில் ஏற்ற வேடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஏற்றார். கணவர் கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்தபின் வெண்ணிற ஆடை உடுத்தி, எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்டவர் அவர். வேறொருவர் குரல் அவர் வாயசைவுக்குப் பொருந்தும் என எவராலும் எண்ணவும் இயலாது. அதே படத்தில் கிட்டப்பாவின் பாணியைக் கைவிடாது காத்த மகாலிங்கம் பாணபத்திரராகத் தம் குரலிலேயே பாடினார். பழைய மேடையின் இரு வாரிசுகள் அப்படத்தில் ஒருசேர இடம்பெற்றனர்.

எதிர்ப்புறத்தில் ஏமநாத பாகவதராக டி.எஸ். பாலையா. தலையை உயர்த்தி, விரலை ஆட்டி, சீடர் கூட்டத்தை நோட்டமிட்டபடி அவர் காட்டும் செருக்கு நடிப்பின் உச்சம். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ராகங்களின் பெயரைச் சொல்லியபடியே அந்தந்த ராகத்துக்குத் தாவும் அப்பாடலை வித்வானன்றி வேறெவரும் பாட இயலாது. பாலையா பாடியிருந்தால் செருக்கு இருந்திருக்கும், சங்கீதம் இருந்திராது. பாலமுரளி நடித்திருந்தால் சங்கீதம் இருந்திருக்கும், அந்தச் செருக்கு வந்திராது. இருவர் கூடியே ஓர் ஏமநாதர் உருவானார்.

பிறகு விறகு வெட்டியாக இறைவன். சிவாஜி கணேசனின் உருவம், சௌந்தரராஜனின் குரல், கௌரிமனோகரி ராகம். பாடுபவரும் அவரே, பக்கவாத்தியம் வாசிப்போரும் அவரே எனத் திரையில் பல உருவங்களாய்த் தோன்றும் அக்காட்சியில், சிவாஜியின் கழுத்து நரம்பும் தொண்டைக்குழியும் ஒவ்வொரு சங்கதிக்கும் ஏற்ப அசைவதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். குரல் கடன் வாங்கியதே. ஆனால் கடன் வாங்கியவர் அதை மூச்சுவரை தமதாக்கிக்கொண்டார். நடிகருக்கேற்பக் குரலின் கனத்தையும் நெகிழ்வையும் மாற்றிப் பாடுவது சௌந்தரராஜனின் தனித்திறன். பாடியவர் நடிகரை எண்ணிப் பாடினார். நடித்தவர் பாடகரை எண்ணி நடித்தார். ஒருவர்க்கொருவர் செய்த அந்த மரியாதையே அக்காட்சியை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது.

இறைவன் கொடுத்த இரவல் குரல்

இத்தனைக்கும் மேலாக ஒன்றுண்டு. அந்தக் கதையே இரவல் குரலின் கதைதான்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' என்றொரு பகுதி. வரகுண பாண்டியன் அவையில் வடபுலத்து இசைவாணன் ஏமநாதன் பாடிப் பரிசு பெறுகிறான். தன்னை வெல்வார் இல்லையெனச் செருக்குகிறான். மறுநாள் அவனோடு பாடுமாறு பாணபத்திரர்க்கு அரசன் ஆணையிடுகிறான். ஏமநாதனின் சீடர்களே வீதிதோறும் வியக்கத்தக்கவாறு பாடுவதைக் கேட்டுப் பாணபத்திரர் கலங்குகிறார். ஆலவாய் அண்ணலிடம் சென்று முறையிடுகிறார். சொக்கநாதப் பெருமான் விறகு சுமக்கும் ஆளாக வருகிறார். நாள் முழுதும் வீதிகளில் விறகு விற்று, மாலையில் ஏமநாதன் வீட்டுத் திண்ணையில் களைப்பாறுவார்போல் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். அசைவன அசையாமல் நின்றன. ஏமநாதன் உருகி ஓடிவந்து யாரென வினவுகிறான். பாணபத்திரரிடம் இசை பயிலச் சென்று, தகுதியில்லையென விலக்கப்பட்டவன் என்கிறார் பெருமான். விலக்கப்பட்ட சீடனே இவ்வாறு பாடினால் குரு எவ்வாறு பாடுவாரோ என அஞ்சி, ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு அகல்கிறான்.

பாணபத்திரர் பாட வேண்டிய இடத்தில் பாடியவர் பெருமான். வெற்றி பாணபத்திரர்க்கு, குரல் இறைவனுக்கு. பின்னணி பாடுவது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் விளக்க இயலும்? இதற்கு அடுத்த படலமான 'திருமுகம் கொடுத்த படல'த்தில், சேரமான் பெருமாளுக்கு ஓலை எழுதிப் பாணபத்திரரிடம் கொடுத்தனுப்புகிறார் இறைவன். அந்தத் திருமுகப் பாசுரமே பதினோராம் திருமுறையின் முதலில் நிற்பது. முதலில் குரலைக் கொடுத்தார். பிறகு எழுத்தையும் கொடுத்தார்.

ஆகவே ஒருவர்க்காக இன்னொருவர் பாடுவது பொய்யென்று சொல்ல இடமில்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் மறத்தலாகாது. பெருமான் தம்மை மறைத்துக்கொண்டார். அடியாரோ அதை மறைக்கவில்லை. கனவில் வந்து இறைவன் உணர்த்தியதைப் பாணபத்திரர் அரசனிடம் உள்ளபடியே உரைத்தார். பாடியவர் ஆலவாய் அண்ணலே என அவையறியச் செய்தார். அந்த உண்மையை மதுரை இன்றும் கொண்டாடுகிறது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை நடைபெறுகிறது. குரல் தந்தவரின் பெயர் மறக்கப்படவில்லை.

கோயிற் கலைகள் காட்டும் வழி

இரு முறைகளும் நம் கோயிற் கலைகளில் முன்பே உள்ளவைதாம். திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் நடைபெறும் அரையர் சேவையில், பாசுரத்தை இசைப்பவரும் அபிநயிப்பவரும் அரையரே. கேரளக் கதகளியில் வேடமிட்டவர் வாய் திறப்பதில்லை. பொன்னானி, சிங்கிடி எனப்படும் இரு பாடகர்கள் பாட, ஆடுபவர் முத்திரையாலும் விழியாலும் பொருளுரைக்கிறார். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனச் சான்றோர் எவரும் சொன்னதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. கதகளிப் பாடகர் மேடையிலேயே ஆடுபவர்க்குப் பின்னால் நிற்கிறார். அவரைச் சபை காண்கிறது. அவர் பின்னால் நிற்கிறாரேயன்றி மறைந்து நிற்கவில்லை.

திரையுலகம் இங்கேதான் தவறியது. 1949-இல் வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதாபாத்திரமான 'காமினி'யின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. மேனாட்டிலும் இதே கதைதான். ஹாலிவுட்டில் 'மை ஃபேர் லேடி' உள்ளிட்ட பெரும் படங்களில் நடிகையர் மூவர்க்குப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயர் அப்படங்களில் இடம்பெறவில்லை. பாடியவர்க்கு ஊதியம் இருந்தது; பெயர் இல்லை. குறை இரவல் வாங்கியதில் இல்லை, வாங்கியதைச் சொல்லாததில்தான்.

பெயர் சொல்லப்பட்டபோது எவர்க்கும் இழுக்கு நேரவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1980-இல் வெளியான 'சங்கராபரணம்' படத்தின் சங்கர சாஸ்திரிகளைக் கண்டு உருகாத ரசிகர் அரிது. அவராக நடித்த ஜே.வி. சோமயாஜுலு துணை ஆட்சியராகப் பணியாற்றிய அரசு அலுவலர், பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அதற்காகத் தேசிய விருதும் பெற்றார். பாடியவர் யாரெனத் தெரிந்ததால் சாஸ்திரிகளின்மேல் மதிப்புக் குறைந்ததா? இல்லை. இருவரையும் மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

அதற்கும் முன்பு ஒரு சுவையான நிகழ்வு. 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது 'துணைவன்' படத்துக்காக ஒருவர்க்குக் கிடைத்தது. அவர் கே.பி. சுந்தராம்பாள். எவர்க்கும் பின்னணி பாடியறியாத, தம் வாயசைவுக்குத் தாமே குரலான அம்மையாருக்குப் பின்னணிப் பாடகி விருது! பாடுவோரெல்லாம் பின்னணியினர் எனக் காலம் மாறிவிட்டதை இதைவிட எதுவும் உணர்த்தாது.

தாயும் மகளும்

1973-இல் ஏ.பி. நாகராஜன் 'காரைக்கால் அம்மையார்' எடுத்தார். இளமைக்காலப் புனிதவதியாராக லட்சுமி நடித்தார். பாடல்களுக்குப் பின்னணிக் குரல். இல்லறம் துறந்து, அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றபின் வரும் அம்மையாராகச் சுந்தராம்பாள் தோன்றித் தம் குரலிலேயே பாடினார். உடல் மாறும் இடத்தில் நடிகையும் மாறினார். இரவல் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்தது. அழகு கழிந்தபின் எஞ்சுவது குரல் ஒன்றே என்பதுபோல் அமைந்துவிட்டது அது.

அந்த லட்சுமி வேறெவருமல்லர். 'ஸ்ரீ வள்ளி'யில் குரல் மாற்றப்பட்ட குமாரி ருக்மணியின் மகளே. தாயின் காலத்தில் நடிகை பாடியே தீரவேண்டும். பாடியும் அக்குரல் ஏற்கப்படவில்லை. மகளின் காலத்தில் பாடவேண்டுமென எவரும் எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு குறை குறையே அல்லாதாயிற்று. எனினும் அந்த மாற்றத்துக்குத் தாய் கொடுத்த விலையை எந்தக் கணக்கேட்டிலும் எவரும் வரவு வைக்கவில்லை.

பேரக் குழந்தைக்கு விடை

மகாலிங்கம் 1978-இலும் சுந்தராம்பாள் 1980-இலும் மறைந்தனர். சௌந்தரராஜன் 2013-இலும், பாலமுரளிகிருஷ்ணா 2016-இலும் இறைவனடி சேர்ந்தனர். முகம் காட்டிய பாலையாவும் சிவாஜியும் இல்லை. ஆனால் சிவராத்திரிதோறும் அத்தனை பேரும் ஒரே இரவில் மீண்டும் கூடுகின்றனர்.

"இவரேதான் பாடுறாரா?" எனப் பேரன் கேட்கும்போது, "பேசாமல் பார்" என்று அடக்கிவிடலாம். அல்லது ஒலியைச் சற்றுத் தாழ்த்தி, "இந்த அம்மா தாமே பாடுகிறார்; அவர் பெயர் சுந்தராம்பாள். பாணபத்திரராக வருபவரும் தாமே பாடுகிறார். நம் மதுரைப் பக்கத்துத் தென்கரைக்காரர். அந்தக் கர்வக்காரருக்காகப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. சாமிக்காகப் பாடியவர் சௌந்தரராஜன்" என்று வரிசையாகச் சொல்லலாம். சொல்லி முடித்தபின், "ஆனால் கதையில் பாணபத்திரருக்காகச் சாமியே பாடினார்" என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அக்குழந்தை எதை நினைவிற் கொள்ளுமோ தெரியாது. பெயர்களில் இரண்டொன்று தங்கினாலும் போதும்.

கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போது, பாடத் தெரியாத நூறு பேர் கைகூப்பி நிற்கின்றனர். அவர் பாடுவது அந்த நூறு பேருக்காகவும்தான். அவர்களின் விண்ணப்பம் அவர் குரலில் ஏறிச் சந்நிதியை அடைகிறது. குரல் அவருடையது என்பதால் அவர்களின் பக்தி குறைந்துவிடுவதில்லை. ஆனால் தீபாராதனை முடிந்து திரும்புகையில், எத்தனை பேர் அந்த ஓதுவாரின் பெயரைக் கேட்டறிந்திருக்கின்றனர்?

அடுத்த பிரதோஷத்தன்று கேட்கலாம். நான்காம் கால பூஜைக்கு மணியடிக்கும்வரை விழித்திருந்து பார்த்த படம் கற்பிக்கும் பாடம் அதுவாகவே இருக்கட்டும். குரல் தந்த பெருமானின் திருவருள், குரல் தந்தோர் அனைவரையும் நினைப்போர்க்கும் உரியதாகுக.